இராமநாதபுரம் கரையிலிருந்து விண்வெளியைப் பின்தொடர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, சாயல்குடி என்று இந்தக் கரை நெடுகிலும் வானத்தின் மேல் ஆசை வைத்தவர்கள் இருக்கிறார்கள். விண்வெளிப் படம் ஒன்று வந்தால் போனில் பார்க்கிறோம், நாலு பேருக்கு அனுப்புகிறோம், அத்தோடு அது போய்விடுகிறது. ஒரு படத்தைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேட்டுப் பழக வேண்டும் என்பது என் கட்சி. இதை எப்படி எடுத்தார்கள்? இந்த இடம் நம் கரையிலிருந்து எந்த மாதம், எந்தத் திசையில் தெரியும்? கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றியே வரும்.

ஆர்வம் இருக்கிறது, ஆனால் செய்தி மலைபோல் வருகிறது. எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு பயணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தொடரப் போனால் எதுவும் மனதில் நிற்காது.

நான் முதலில் சொல்வது செவ்வாயில் ஓடும் பெர்சிவியரன்ஸ் ஊர்தி. 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசிரோ என்ற பள்ளத்தில் இறங்கியது. ஒரு காலத்தில் ஆறு வந்து கலந்த ஏரி அது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் இன்றும் விசிறிபோல் விரிந்து கிடக்கிறது. ஊர்தி அனுப்பும் படங்களை நாசா அப்படியே, மெருகு எதுவும் போடாமல், பொதுமக்கள் பார்க்க வைத்துவிடுகிறது. செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிட 40 நிமிடம் போல நீளம். ஒவ்வொரு படத்திலும் அது எத்தனையாவது செவ்வாய் நாள் என்று எழுதியிருக்கும். ஒரு மாதம் தொடர்ந்து பார்த்தால் போதும்: நேற்று தூரத்தில் தெரிந்த பாறை இன்று பக்கத்தில் வந்திருக்கும், சக்கரத் தடம் பின்னால் நீண்டிருக்கும். அந்த நிலம் உங்களுக்குப் பழகிவிடும். பிறகு செய்தியில் வரும் ஒரு வரிகூட வேறு மாதிரி புரியும்.

வெப், ஹபிள் படங்களில் உள்ள நிறம் உண்மையா, போட்டதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதிலையும் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

விண்வெளியில் இருக்கும் இந்த இரண்டு தொலைநோக்கிகளின் கேமராக்களும் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கின்றன. முன்னால் ஒரு வடிகட்டி வைத்து, ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் உள்ளே விட்டு ஒரு படம். வேறு வடிகட்டி வைத்து இன்னொரு படம். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். எந்த நிறத்தை எதற்குக் கொடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஹபிளின் புகழ்பெற்ற 'படைப்பின் தூண்கள்' படத்தை எடுத்துக்கொள்வோம். கழுகு நெபுலா என்ற வாயு, தூசி மேகத்தின் நடுவே நிற்கும் தூண்கள் அவை. சுமார் 6500 ஒளியாண்டு தொலைவு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் 1995-இல் எடுத்த படம். கந்தகம் விடும் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்தார்கள். ஹைட்ரஜன் விடும் அந்த ஒளி உண்மையில் சிவப்பு. கந்தகத்தின் ஒளியும் சிவப்புதான். இரண்டையும் இயல்பான நிறத்திலேயே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. அதனால் அலைநீளம் கூடிய கந்தகத்தைச் சிவப்பிலும், அதற்கு அடுத்த ஹைட்ரஜனைப் பச்சையிலும், குறைந்த ஆக்சிஜனை நீலத்திலும் வைத்தார்கள். வரிசை மாறவில்லை, நிறம் மட்டும் விரித்து வைக்கப்பட்டது. அதனால் அந்தப் படத்தில் பச்சை தெரிகிற இடமெல்லாம் ஹைட்ரஜன் இருக்கிற இடம். படம் ஒரு வரைபடமும் ஆகிறது.

வெப் பார்ப்பது அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்கு அதில் பெரும்பகுதி தெரியவே தெரியாது. அங்கும் இதே முறைதான்: இருப்பதில் நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம். பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தில் ஜோசப் டிபாஸ்குவாலே, அலிசா பேகன் ஆகிய இருவரும் இந்த வேலையைச் செய்து பெயர் பெற்றவர்கள். அவர்கள் இல்லாததைச் சேர்ப்பதில்லை. தொலைநோக்கி பிடித்த ஒளியைக் கண்ணுக்கு எட்டும் எல்லைக்குள் கொண்டுவருகிறார்கள். இதைப் 'பொய்ப் படம்' என்று சொல்வது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

அதே தூண்களை வெப் 2022-இல் எடுத்தது. ஹபிள் படத்தில் இருட்டுச் சுவராக நின்ற தூசி, வெப் படத்தில் புகைபோல மெலிந்துவிடுகிறது. உள்ளே பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன. அகச்சிவப்பு அலை தூசியில் அவ்வளவாகச் சிதறாது என்பதுதான் காரணம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் போவது தெரியாது.

எது ஹபிள் படம், எது வெப் படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள கதிர்களை எண்ணுங்கள். நான்கு என்றால் ஹபிள். ஆறு பெரிய கதிரும் குறுக்கே இரண்டு சிறிய கதிரும் என்றால் வெப். வெப்பின் 6.5 மீட்டர் ஆடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. அந்த விளிம்புகளும், முன்னால் இருக்கும் சிறிய ஆடியைத் தாங்கும் கால்களும் ஒளியை இப்படி வளைக்கின்றன.

அந்தப் படங்களில் வரும் இடங்களை நம்மூரிலிருந்து பார்க்க முடியுமா?

முடியும். நம் கரைக்குக் கிடைத்திருக்கும் பெரிய வரம் இதுதான், அது பலருக்குத் தெரியவில்லை.

இராமேஸ்வரம் வடக்கே சுமார் 9.3 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்திலிருந்து 9 டிகிரி உயரத்தில் கிடக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி என்பதால், ஒரு முஷ்டிக்கும் சற்றுக் கீழே.

இப்போது தெற்கே திரும்புங்கள். 2022 ஜூலை 12 அன்று வெப்பின் முதல் படங்கள் வெளியானபோது உலகமே பார்த்த ஒரு படம் உண்டு: கீழே காவி நிறத்தில் மலைமுகடு போன்ற தூசி மேகம், மேலே நீல வானம்போல் வாயு, இடையெல்லாம் நட்சத்திரங்கள். 'அண்டத்தின் செங்குத்துப் பாறைகள்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது கரீனா நெபுலாவின் ஓரத்தில், சுமார் 7600 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. டெல்லியில் இருப்பவருக்குக் கரீனா அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும். ஐரோப்பாவில் இருப்பவருக்கு எழுவதே இல்லை. நமக்கு ஏப்ரல் நடுவில், இரவு 9 மணி வாக்கில், நேர் தெற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் நிற்கும். நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே வெளிறிய திட்டாகத் தெரியும். பைனாகுலரில் பார்த்தால் அந்தத் திட்டுக்குள் நட்சத்திரப் பொடி மின்னும். போனில் உள்ள வெப் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, பிறகு அந்தத் திட்டைப் பாருங்கள். அந்த முகடு அங்கேதான் இருக்கிறது.

அதற்கு ஒரு மாதம் கழித்து, மே நடுவில், அதே நேரத்தில் தெற்குச் சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதற்கு மேலே சற்று இடப்பக்கம் தள்ளி ஒமேகா சென்டாரி: சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட உருண்டைக் கொத்து. கண்ணுக்கு மங்கிய நட்சத்திரம். பைனாகுலரில் பஞ்சு உருண்டை. பிப்ரவரியில் தெற்கே பளிச்சென்று நிற்பது அகத்திய நட்சத்திரம், வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். ஜனவரிக் கடைசியில், தெற்கே 11 டிகிரி உயரத்தில், பெரிய மெகல்லன் மேகம் வரும். அது நம் பால்வீதியைச் சுற்றும் தனி விண்மீன் மண்டலம். அவ்வளவு தாழ்வில் மூட்டம் இருக்கும் என்பதால் காற்று தெளிந்த இரவு வாய்த்தால்தான் கிடைக்கும். 'தூண்கள்' இருக்கும் கழுகு நெபுலா ஆடி, ஆவணியில் ஏறக்குறைய தலைக்கு மேல்.

எந்தக் கரைக்குப் போவது? எந்த மாதம் நல்லது?

தெற்கு வானம் வேண்டுமென்றால் தெற்கே கடல் இருக்க வேண்டும். பெரியபட்டினம், சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் ஆகிய ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்துக் கரைகள் அதற்கு ஏற்றவை. தெற்கே ஊர் வெளிச்சம் கிடையாது, தண்ணீர்தான். தேவிபட்டினம், தொண்டி போன்ற பெண்கடல் (பாக் நீரிணை) பக்கத்துக் கரைகளில் கடல் கிழக்கே இருக்கிறது. முழுநிலா எழுவதைப் பார்க்கவும், விடிவெள்ளியோடு கோள்கள் கூடி நிற்பதைப் பார்க்கவும் அவை நல்லவை. தனுஷ்கோடியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வானம் அருமையான இடம்தான், ஆனால் பொழுது சாய்ந்த பிறகு வெளியாட்களைப் பொதுவாக அங்கே இருக்க விடுவதில்லை. முன் அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் விடாது. தை, மாசியில் வாடைக்காற்று தணிந்து வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும். என் விருப்பம் சித்திரை, வைகாசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், கடல்மேல் விளக்கு குறையும். கரீனாவும் தெற்குச் சிலுவையும் முன்னிரவில் நிற்கும் காலமும் அதேதான். தென்மேற்குப் பருவமழை நமக்கு அதிகம் பெய்வதில்லை, அதனால் ஆடி மாத இரவுகளும் கைகொடுக்கும். புழுதிக் காற்றைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாதமானாலும் அமாவாசையை ஒட்டிய ஒரு வாரம் போங்கள். போன் திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டு, 20 நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். லேசர் விளக்கை வானத்தில் காட்டும் பழக்கம் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது.

மூத்த மீனவர்களிடம் பேசுங்கள். ஆறாமீன் (கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்) எப்போது எழும், விடிவெள்ளி எப்போது மறையும் என்று எந்தச் செயலியும் இல்லாமல் சொல்லும் அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள். ஜிபிஎஸ் வந்த பிறகு அடுத்த தலைமுறை அதை விட்டுவிட்டது. அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்து வைத்தால் மிக நல்லது.

பன்னாட்டு விண்வெளி நிலையம் தெரியுமா? ஹபிளே தெரியுமாமே?

இரண்டும் தெரியும். நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று வருகிறது. சூரியன் மறைந்த ஓரிரு மணி நேரத்துக்குள், அல்லது விடியுமுன், நம் தலைக்கு மேல் வந்தால் வெள்ளியைப் போன்ற பிரகாசத்துடன், மினுங்காமல், ஒரே சீராக நகரும். கீழே நமக்கு இருட்டு, மேலே அதன்மேல் வெயில். அதனால்தான் அந்த நேரத்தில் மட்டும் தெரிகிறது. 2025 ஜூன், ஜூலையில் சுபான்ஷு சுக்லா அதில் இருந்தார்.

ஹபிள் விஷயம் இன்னும் சுவையானது. அது நிலநடுக்கோட்டுக்கு 28.5 டிகிரி மட்டுமே சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. பெர்லினில் இருப்பவருக்கு அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. நமக்கோ உச்சிக்கு அருகிலேயே கடந்து போகும். 1990 ஏப்ரல் 24 முதல் வானத்தில் இருக்கும் அந்த 2.4 மீட்டர் ஆடி, ஒரு சாதாரண நட்சத்திரம் அளவு வெளிச்சத்தோடு கீழக்கரைக் கடற்கரைக்கு மேல் நகர்ந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஹெவன்ஸ் அபவ் என்ற தளத்தில் உங்கள் ஊரைக் கொடுத்தால் நாளும் நேரமும் சொல்லிவிடும். வெப் மட்டும் கண்ணுக்கு எட்டாது. அது இருப்பது 15 லட்சம் கி.மீ. தள்ளி.

ராக்கெட் ஏவுவதை இங்கிருந்து பார்க்கலாமா?

ஸ்ரீஹரிகோட்டா இராமேஸ்வரத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 500 கி.மீ. இரவிலோ விடியலிலோ ஏவினால், அடிவானம் தெளிந்திருந்தால், வடகிழக்கே தாழ்வாக ஒரு நகரும் ஒளியாகத் தெரிய வாய்ப்புண்டு. பகலில் எதிர்பார்க்க வேண்டாம்.

நாம் காத்திருக்க வேண்டியது குலசேகரன்பட்டினத்துக்கு. தூத்துக்குடி மாவட்டத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட்டுகளுக்கான தளம். துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் தெற்கே பறக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே வரும் என்பதால் வளைந்து போக வேண்டியிருக்கிறது, அந்த வளைவில் எரிபொருள் செலவாகிறது. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல். சாயல்குடிப் பக்கத்திலிருந்து அது சுமார் 100 கி.மீ.தான்.

இந்தக் கரைக்கும் ராக்கெட்டுக்கும் உள்ள உறவு யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எஸ்எல்வி-3 திட்டத்தின் இயக்குநராக இருந்து 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பியவர் இராமேஸ்வரத்துக்காரர். பேக்கரும்பில் கலாம் அய்யாவின் நினைவிடத்துக்குப் போகிறவர்கள் அங்குள்ள ராக்கெட் மாதிரிகளைப் படம் எடுத்துக்கொள்வதோடு நிற்காமல், எஸ்எல்வி-3-இன் நான்கு கட்டங்களும் திட எரிபொருளில் இயங்கியவை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

தொலைநோக்கி வாங்கலாமா?

முதலில் பைனாகுலர். 7×50 அல்லது 10×50. மேலே சொன்ன தெற்கு வானப் பொருள்கள் எல்லாமே விரிந்தவை. அவற்றுக்குப் பெருக்கத்தைவிட அகலப் பார்வைதான் வேண்டும். வியாழனின் நான்கு நிலவுகளும் அதில் கிடைக்கும். சனியின் வளையம் வேண்டுமென்றால்தான் தொலைநோக்கி. அப்போதும் 'எத்தனை மடங்கு' என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாமல், ஆடி எத்தனை அங்குலம் என்று கேட்டு வாங்குங்கள்.

இங்கே பெரிய எதிரி உப்பு. கடற்காற்றில் ஒரு மணி நேரம் நின்றால் கண்ணாடி மேல் மெல்லிய படலம் படியும். அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் முதலில் ஒற்றியெடுங்கள், பிறகு காய்ந்ததால் மெதுவாகத் துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் நன்றாக உலரவிட்டு, மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

போனில் வானத்தைப் படம் எடுக்க முடியுமா?

தாராளமாக. போனை ஐஸ் பெட்டி மேல் சாய்த்து, அசையாமல் நிறுத்துங்கள். புரோ முறையில் ஐஎஸ்ஓ 1600, நேரம் 15 விநாடி, மூன்று விநாடி டைமர். 20 விநாடியைத் தாண்டினால் நட்சத்திரம் கோடாக இழுபடும். பால்வீதியின் நடுப்பகுதி நமக்கு 52 டிகிரி வரை ஏறுவதால் ஜூலை இரவில் எளிதாகப் பதியும். லென்ஸை முதலில் துடைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண ஆள் ஒருவர் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா, அல்லது வேடிக்கை பார்க்கத்தானா?

மதுரையில் பிறந்து சென்னையில் வேலை பார்த்த சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளரின் கதையை இதற்குப் பதிலாகச் சொல்வேன்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2-இன் விக்ரம் என்ற தரையிறங்கு கலம் நிலவுக்கு மிக அருகில் தொடர்பை இழந்தது. நாடே விழித்திருந்த இரவு அது. நிலவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் செப்டம்பர் 17 அன்று அந்தப் பகுதியைப் படம் எடுத்தது; செப்டம்பர் 26 அன்று படம் பொதுவில் வந்தது. சண்முகம் அதையும், அதே இடத்தின் பழைய படங்களையும் தரவிறக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். நிலவின் தென்பகுதியில் வெயில் சாய்வாக விழும். ஒவ்வொரு படத்திலும் நிழல் வேறு பக்கம் நீளும். பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் கண்ணை ஏமாற்றும். அந்தக் குழப்பத்துக்கு நடுவே, பழைய படத்தில் இல்லாத ஒரே ஒரு வெளிர்ப் புள்ளி புதிய படத்தில் இருப்பதைக் கண்டார். நாசாவுக்கு எழுதினார். அவர்கள் பின்னர் எடுத்த படங்களோடு சரிபார்த்து, 2019 டிசம்பர் 2 அன்று அது விக்ரமின் சிதறல்தான் என்று அறிவித்தார்கள். கலம் மோதிய முக்கிய இடத்திலிருந்து 750 மீட்டர் வடமேற்கே கிடந்த துண்டு அது. அறிவிப்பிலேயே அவர் பெயரைச் சொன்னார்கள்.

அவரிடம் இருந்தது கணினி, எல்லோருக்கும் கிடைக்கும் படம், பொறுமை. விண்வெளிப் படங்களைத் திறந்து வைப்பது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இன்னும் உண்டு. வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலத்தில் ஜூனோகேம் என்ற கேமராவைப் பொதுமக்களுக்காகவே வைத்தார்கள். மூலப் படங்கள் வெளியாகும். உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அவற்றைச் சேர்த்து, நிறம் சரிசெய்து, வியாழனின் புயல்களை வெளிக்கொண்டுவருவார்கள். நீங்கள் பார்த்து வியந்த வியாழன் படங்களில் பல அப்படி வந்தவை. கேலக்ஸி ஜூ என்ற திட்டம் 2007-இல் தொடங்கியது: விண்மீன் மண்டலத்தின் படத்தைக் காட்டி, சுருளா, உருண்டையா என்று கேட்கும். அதில் பங்கெடுத்த ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சு ஆசிரியை, யாரும் கவனிக்காத ஒரு விசித்திர வாயு மேகத்தைச் சுட்டிக்காட்டினார். இன்று அது அவர் பெயராலேயே அறியப்படுகிறது. வெப், ஹபிள் தரவுகளையும் நீங்களே இறக்கிக்கொள்ளலாம். படத்தைச் சீராக்க சிரில், கிம்ப் ஆகிய இலவச மென்பொருள்கள் போதும்.

இஸ்ரோவின் படங்கள் எங்கே கிடைக்கும்?

பெங்களூருக்கு அருகே பைலாலுவில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் பிரதான் தளத்தில் பதிவு செய்துகொண்டால் சந்திரயான், ஆதித்யா தரவுகள் கிடைக்கும். சந்திரயான்-2-இன் சுற்றுக்கலம் பேர் சொல்லும் வேலை செய்தது. அதிலுள்ள ஓஎச்ஆர்சி கேமரா நிலவுத் தரையில் 30 செ.மீ. அளவுள்ள பொருளையும் காட்டும் கூர்மை கொண்டது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய பிறகு, அது தரையில் நிற்பதை மேலிருந்து படம் எடுத்துக் கொடுத்ததும் அதுதான்.

விழுப்புரத்து வீரமுத்துவேல் சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர், செங்கோட்டை நிகர் ஷாஜி ஆதித்யா-எல்1-இன் திட்ட இயக்குநர் என்பது தெரிந்ததுதான். ஆதித்யாவில் உள்ள, சூரியனின் வெளிவட்டத்தைப் படம் எடுக்கும் விஇஎல்சி கருவியை உருவாக்கிய இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் நடத்துகிறது. அங்கே நூறு ஆண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனால் ஏரியோடு திரும்பாமல் ஆய்வகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

விண்ணிலிருந்து நம் கரை எப்படித் தெரியும்?

1966 செப்டம்பரில் ஜெமினி 11-இல் சென்ற கான்ராடும் கார்டனும் எடுத்த படம் ஒன்றில் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே சட்டத்துக்குள் வருகின்றன. நான் முதலில் தேடச் சொல்வது அதைத்தான்.

அடுத்து, ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள். 10 மீட்டர் கூர்மை, இலவசம், சில நாள்களுக்கு ஒரு புதிய படம். பாம்பன் பாலம் மெல்லிய கோடாகத் தெரியும். மார்கழியில் எடுத்த படத்தையும் ஆடியில் எடுத்த படத்தையும் அடுத்தடுத்து வையுங்கள். வாடை அடிக்கும் காலத்தில் பெண்கடல் கொந்தளித்து, தண்ணீர் சேறு கலங்கி வெளிறியிருக்கும். தென்மேற்குக் காற்றில் ஆண்கடலின் முறை. எந்தக் காற்றில் எந்தக் கடல் தொழிலுக்கு ஆகாது என்று கரையில் சொல்லிவருவது அப்படியே மேலிருந்து தெரிகிறது. ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகள் இடம் மாறுவதையும், மன்னார் வளைகுடாத் தீவுகளின் கரை ஓரங்களையும் ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுக்கும் ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வருவதில் எதை நம்புவது?

'தீபாவளி இரவில் இந்தியா, நாசா எடுத்தது' என்று பல வண்ணத்தில் ஒரு படம் ஆண்டுதோறும் வரும். அது ஒரே இரவில் எடுத்ததல்ல. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் தரவுகளை வைத்து, 1992, 1998, 2003 என்று இரவு விளக்குகள் எப்படிப் பெருகின என்பதை வெவ்வேறு நிறத்தில் காட்டிய படம். தீபாவளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திருநள்ளாறுக்கு மேல் செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்று போகும் என்ற செய்தியும் ஓயவில்லை. தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு 7 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. அந்த ஓட்டத்தால்தான் அது மேலே இருக்கிறது. நின்றால் விழும். கோயிலுக்குப் பக்தியோடு போகலாம், அதற்கு இந்தக் கதை தேவையில்லை. 'ஆகஸ்ட் 27-இல் செவ்வாய் நிலவு அளவு தெரியும்' என்பது 2003-இல் செவ்வாய் 5.6 கோடி கி.மீ. அருகே வந்ததை வைத்துக் கிளம்பியது. அன்றுகூட அது கண்ணுக்குப் பிரகாசமான புள்ளிதான்.

ஒரு படம் வந்தால் எந்தக் கருவி, எந்த நாள் எடுத்தது என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

கருவி எதுவும் இல்லாமல் மாணவர்களோடு என்ன செய்யலாம்?

நிழலில்லா நாள். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள் ஆண்டுக்கு இரண்டு. இராமேஸ்வரத்தின் அட்சரேகைக்கு முதலாவது ஏப்ரல் 14-ஐ ஒட்டி, அதாவது சித்திரை முதல் நாளிலேயே வருகிறது. இரண்டாவது ஆகஸ்ட் 28 வாக்கில். பகல் 12.13 அளவில் நேராக நிறுத்திய குழாயின் நிழல் அதன் அடிக்குள்ளேயே அடங்கிவிடும். புத்தாண்டுக்கு ஊருக்கு வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு தெருவிலேயே செய்யலாம்.

கிரகணத்தைப் பார்க்கும்போது கண்ணுக்கு ஆபத்து இல்லையா?

சூரியன் என்றால் எப்போதும் ஆபத்துதான். 2010 ஜனவரி 15 அன்று வளையக் கிரகணத்தின் நடுக்கோடு தனுஷ்கோடிக்கு மிக அருகே சென்றது. பத்து நிமிட அளவுக்கு வளையம் நின்றது. வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆள்கள் வந்தார்கள். வளையக் கிரகணத்தில் சூரியன் ஒருபோதும் முழுதாக மறையாது, அதனால் ஒரு நொடிகூட வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்து வழியாகப் போகும் முழுக் கிரகணம் நமக்குப் பகுதியளவில் மட்டுமே. ஐஎஸ்ஓ 12312-2 தரச் சான்று உள்ள கிரகணக் கண்ணாடியை மட்டும் பயன்படுத்துங்கள். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், சாணி கரைத்த தண்ணீர் எதுவும் உதவாது. அகச்சிவப்பும் புற ஊதாவும் கண்ணுக்குள் போய்விடும். அட்டையில் ஊசித்துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, பிம்பத்தைச் சுவரில் விழவைப்பது செலவே இல்லாத வழி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகப் பார்ப்பதும் கூடாது. குவிந்த வெயில் கண்ணாடியைப் பொசுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

கடல் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை இதை வாழ்க்கையாக எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக இஸ்ரோ யுவிகா என்ற பயிற்சியை 2019-இல் தொடங்கியது. அறிவிப்பு வரும்போது தலைமை ஆசிரியரிடம் சொல்லி விண்ணப்பியுங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு திருவனந்தபுரம் வலியமலையில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இராமேஸ்வரத்திலிருந்து ஓர் இரவுப் பயணத் தூரம். அதற்குக் கணக்கும் இயற்பியலும் நன்றாக வர வேண்டும், ஜேஇஇ அட்வான்ஸ்டு மதிப்பெண் வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதே இதை முடிவு செய்து, கணிதமும் இயற்பியலும் வேதியியலும் உள்ள பிரிவை எடுக்கச் சொல்லுங்கள்.